முழங்கால்தான் முதல் ஸ்பிரிங்!

பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையை ஒரு மூலையில் வீசிவிட்டு, சைக்கிளை எடுத்துவிட்டால் போதும். வடசென்னைப் பிள்ளைகளுக்குத் தெருதான் மைதானம். பேசின் பிரிட்ஜ், மூலகொத்தளம், புளியந்தோப்பு, யானைகவுனி என்று எந்தப் பக்கம் போனாலும் மாலை நேரத்தில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். நடைபாதையின் ஓரம், கடை வாசல் படி, மழைநீர்க் கால்வாய் மேல் போட்ட சிலாப்... இதில் ஏதாவது ஒன்றிலிருந்து ஒரு பையன் சைக்கிளோடு ‘டொக்’கென்று கீழே குதிப்பான். கூட இருப்பவர்கள் விசிலடிப்பார்கள். அடுத்தவன் அதைவிட உயரமான இடமாகத் தேடுவான்.

மேலேயிருந்து பார்க்கிற அம்மாவுக்கு மட்டும் வயிற்றில் புளியைக் கரைக்கும். “டேய்... கை காலை ஒடச்சிக்கினு வந்து நிக்காதடா!” என்று ஒரு குரல் வரும். “ஒண்ணும் ஆவாதும்மா!” என்று பதில் போகும்.

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. குதிப்பதால் கை ஒடிவதில்லை; தப்பாக இறங்குவதால்தான் ஒடிகிறது. இறங்கத் தெரிந்தவனுக்கு இரண்டடி உயரம் பெரிய விஷயமில்லை. தெரியாதவனுக்கு அரையடியே அதிகம். அந்த ‘இறங்கத் தெரிவது’ என்பது தைரியமோ அதிர்ஷ்டமோ இல்லை. சொல்லிக்கொடுத்தால் வருகிற ஒரு பழக்கம்.

சேட்டை இல்லை, விளையாட்டு

தெருவில் பிள்ளைகள் செய்வது, உலகம் முழுக்க விதிமுறைகளோடு நடக்கிற ஒரு விளையாட்டின் சின்னப் பதிப்பு. 1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே இருக்கும் மாரின் மலைப்பகுதியில், சில இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய், மண்பாதையில் கீழ்நோக்கி ஓட்டிப் பந்தயம் வைத்துக்கொண்டார்கள். 1976-ல் தொடங்கிய அந்தப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கிற பழைய பிரேக், நீண்ட இறக்கத்தில் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸே புகையாகிப் போய்விடும். அடுத்த ஓட்டத்துக்கு முன்னால் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் வந்த பெயர் அது.

அந்த விளையாட்டு ‘மவுன்டன் பைக்கிங்’ என்று வளர்ந்து, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பிடித்தது. 2023 அக்டோபரில் ஆசிய சாம்பியன்ஷிப் போட்டி தமிழ்நாட்டுக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரம் மாவட்டம் பொன்முடியில் நடந்தது.

இதில் இரண்டு வகை உண்டு. தரை திடீரென்று முடிந்து, படி போலக் கீழே இறங்கினால் அது ‘டிராப்’. சாய்வான மேட்டில் ஏறி மேல்நோக்கிப் பறந்தால் அது ‘ஜம்ப்’. நடைபாதையிலிருந்து குதிப்பது டிராப். செங்கல் மேல் பலகையைச் சாய்த்து வைத்து எகிறுவது ஜம்ப். இரண்டிலும் பறப்பது அரை விநாடிகூட இருக்காது. இறங்குகிற விதம்தான் மற்றதையெல்லாம் தீர்மானிக்கிறது.

கேட்ச் பிடிக்கிற கை

தெருக் கிரிக்கெட்டில் வேகமாக வருகிற பந்தைப் பிடிப்பவனின் கையைக் கவனித்துப் பாருங்கள். பந்து கையில் பட்டதும் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வான். விறைப்பாக நீட்டிப் பிடித்தால் உள்ளங்கை எரியும், பந்தும் தெறித்துப் போகும். பந்து நிற்பதற்குக் கொஞ்சம் தூரம் கொடுத்தால் வலி குறைகிறது. சைக்கிளோடு இறங்குவதன் ரகசியமும் இதுதான்: உடம்பு நிற்பதற்குத் தூரம் கொடுக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 செ.மீ., அதாவது இரண்டடி உயரத்திலிருந்து எது விழுந்தாலும் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 12 கி.மீ. இருக்கும். 50 கிலோ எடையுள்ள ஒரு பையன் கால்களை விறைப்பாக வைத்துக்கொண்டு இறங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். டயர் அமுங்குவதையும் சேர்த்து அவன் உடம்பு 5 செ.மீ. தூரத்துக்குள் நின்றாக வேண்டும். அப்போது உடம்பின் மேல் ஏறும் விசை சராசரியாக அவன் எடையைப் போல 13 மடங்கு. 650 கிலோவைத் தூக்கி வைத்தது போல!

அதே பையன் முழங்காலையும் முழங்கையையும் மடக்கி, 30 செ.மீ. தூரம் தாழ்ந்து நின்றால்? வெறும் 3 மடங்கு. 150 கிலோ. உயரம் அதேதான், எடை அதேதான், சைக்கிளும் அதேதான். மாறியது நிற்பதற்குக் கிடைத்த ஓர் அடி தூரம் மட்டும்.

துறைமுகத்திலும் குடோனிலும் தலைச்சுமையோடு பலகையில் இறங்குகிற தொழிலாளர்களின் முழங்கால் எப்போதும் லேசாக மடங்கியே இருக்கும். பாக்ஸிங் பழகுகிறவனும் கபடி ஆடுகிறவனும் காலை விறைத்துக்கொண்டு நிற்பதில்லை. வடசென்னை உடம்புக்கு இது புதுப் பாடமில்லை. சைக்கிள் சீட்டில் உட்கார்ந்ததும்தான் மறந்துபோகிறது.

ரயில் பெட்டி சொல்லும் பாடம்

“என் சைக்கிள்ல ஷாக் அப்சார்பர் இருக்கே!” என்று பையன் சொல்வான். இதற்குப் பதில் பேசின் பிரிட்ஜிலேயே இருக்கிறது. சென்ட்ரலிலிருந்து புறப்படுகிற பல ரயில்களின் பெட்டிகளைப் பராமரிக்கும் பணிமனை அங்கேதான் உள்ளது. பெரம்பூர் ஐ.சி.எஃப். தயாரித்த பழைய நீலநிறப் பெட்டிகளின் அடியில் குனிந்து பார்த்தால் தடித்த சுருள் ஸ்பிரிங்குகள் தெரியும். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் போதாது என்பதால், எண்ணெய் நிரப்பிய ஓர் அமைப்பும் அதோடு சேர்ந்திருக்கும்.

காரணம் இதுதான். ஸ்பிரிங் அடியை வாங்கிக்கொள்ளும். ஆனால், வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். எண்ணெய், சின்னத் துளை வழியே பிதுங்கிப் போகும்போது அந்த ஆட்டத்தைத் தணித்து வெப்பமாக்கிவிடும். ஸ்பிரிங் தாங்கும், எண்ணெய் அடக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் பெட்டி குதிக்காமல் போகும்.

நல்ல மவுன்டன் பைக்கின் முன் ஃபோர்க்கில் இந்த இரண்டு வேலைக்கும் ஏற்பாடு உண்டு. விலை குறைந்த பல சைக்கிள்களின் ஃபோர்க்கில் ஸ்பிரிங் மட்டும்தான் இருக்கும். உயரத்திலிருந்து இறங்கினால் அது முழுதாக அமுங்கி, அடுத்த கணமே ஹேண்டில்பாரை மேலே எகிறித் தள்ளும். கை நழுவுவது அப்போதுதான். தடித்த டயரும் நேரான ஹேண்டில்பாரும் வைத்த சைக்கிளை ‘எம்.டி.பி.’ என்று கடையில் விற்கிறார்கள். பெயரில் மலை இருக்கிறது என்பதற்காக அது மலையில் குதிக்கச் செய்த வண்டி ஆகிவிடாது.

மனிதனின் தொடைத் தசை இந்த இரண்டு வேலையையும் சேர்த்தே செய்கிறது. அடியைத் தாங்கும், தாங்கியதைத் திருப்பி எறியாமல் அடக்கவும் செய்யும். விலை குறைந்த சைக்கிளின் ஃபோர்க் 5 முதல் 10 செ.மீ. வரை அமுங்கினாலே பெரிது. முழங்கால் அதைவிடப் பல மடங்கு மடங்கும். அதனால், எந்த சைக்கிளாக இருந்தாலும் முழங்கால்தான் முதல் ஸ்பிரிங்.

விளிம்பில் தீர்மானமாகிறது

இறங்குவது தரையில் நடப்பதாகத் தோன்றும். உண்மையில் அது மேலே, விளிம்பிலேயே பாதி முடிந்துவிடுகிறது. இதற்கு ஒலிம்பிக்கிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

2021 ஜூலை 26. டோக்கியோ ஒலிம்பிக்கின் ஆண்கள் மவுன்டன் பைக் போட்டி. தங்கம் வெல்லக்கூடியவர்களில் ஒருவராக எதிர்பார்க்கப்பட்ட நெதர்லாந்து வீரர் மாத்யூ வான் டெர் போல், முதல் சுற்றிலேயே ‘சகுரா டிராப்’ என்ற பாறை விளிம்புக்கு வந்தார். பயிற்சியின்போது அந்த இடத்தில் சாய்வாக ஒரு பலகை இருந்தது. போட்டியன்று அது இல்லை. பலகை இருக்கும் என்று நினைத்து, அதில் உருண்டு இறங்குவதற்குத் தயாராக வந்தார் அவர். முன்சக்கரம் பலகைக்குப் பதிலாக வெறும் காற்றில் இறங்கியது. ஹேண்டில்பாருக்கு மேலாகத் தூக்கி எறியப்பட்டார். எழுந்து மறுபடி ஓட்டியும் அவரால் போட்டியை முடிக்க முடியவில்லை. தங்கம் பிரிட்டனின் டாம் பிட்காக்குக்குப் போனது. அவரோ, அதற்கு இரண்டு மாதத்துக்குள்தான் காறை எலும்பு உடைந்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டு தேறி வந்தவர்.

வான் டெர் போலுக்குத் திறமை குறைவா என்ன? விளிம்பு எப்படி இருக்கிறது என்ற கணிப்பு ஒரு முறை தப்பிவிட்டது, அவ்வளவுதான். உலக வீரருக்கே இப்படி என்றால், நேற்று வரை இருந்த சிலாப் இன்று உடைந்திருப்பதைப் பார்க்காமல் குதிக்கிற பையனின் கதி என்ன? அதனால் முதல் விதி: சைக்கிளை நிறுத்திவிட்டு, நடந்துபோய் விளிம்பையும், இறங்கப்போகும் தரையையும் பார்த்துவிட்டு வர வேண்டும். தினமும் குதிக்கிற இடமாக இருந்தாலும் சரி.

இரண்டாவது விதி, அம்மாக்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். விளிம்பில் ‘மெதுவாகப் போ’ என்பது எப்போதும் பாதுகாப்பானதில்லை. சைக்கிளின் இரண்டு சக்கரங்களுக்கும் இடையில் ஏறக்குறைய 1 மீட்டர் தூரம். முன்சக்கரம் விளிம்பைத் தாண்டிய பிறகும் பின்சக்கரம் மேலேதான் இருக்கிறது. நடக்கிற வேகத்தில், மணிக்கு 5 கி.மீ.யில் வந்தால், பின்சக்கரம் விளிம்புக்கு வர ஏறக்குறைய முக்கால் விநாடி ஆகும். அந்த முக்கால் விநாடியும் முன்பக்கம் தொங்கிச் சாய்ந்துகொண்டே இருக்கும். மணிக்கு 18 கி.மீ.யில் வந்தால் இந்த இடைவெளி 0.2 விநாடிதான். சாய்வதற்கு நேரமில்லை.

இதற்காக வேகமாகப் போகச் சொல்வதாக அர்த்தமில்லை. பயந்துபோய் விளிம்பில் திடீரென்று முன் பிரேக்கைப் பிடிப்பதுதான் தலைகுப்புற விழுவதற்கு முக்கியமான காரணம். சந்தேகம் இருந்தால் விளிம்புக்கு வெகுமுன்பே நின்றுவிட வேண்டும். போவது என்று முடிவெடுத்தால் சீரான வேகத்தில் போக வேண்டும். நடுவில் மனம் மாறக் கூடாது.

இறங்கும் முறை

இனி, முறையாகக் கற்றுக்கொள்பவர்கள் டிராப்பில் எப்படி இறங்குகிறார்கள் என்று பார்க்கலாம்.

முதலில் நிலை. சீட்டை இறக்கி வைத்துக்கொள்வார்கள். சீட்டில் உட்காராமல் பெடல் மேல் எழுந்து நிற்பார்கள். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்கும். ஒன்று மேலே ஒன்று கீழே இருந்தால், கீழே இருக்கும் பெடல் விளிம்பில் இடித்துவிடும். முழங்கால் மடங்கி, முழங்கை வெளிப்பக்கமாக மடங்கி இருக்கும். குதிகால் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். பார்வை முன்சக்கரத்தில் இருக்காது. இறங்கப்போகும் இடத்தில் இருக்கும்.

அடுத்து விளிம்பு. முன்சக்கரம் விளிம்பைத் தொடுகிற நேரத்தில், இடுப்பைப் பின்னால் கொண்டுபோய், கைகளால் ஹேண்டில்பாரை முன்னோக்கித் தள்ளுவார்கள். தள்ளுவண்டியை முன்னால் தள்ளுவது போன்ற அசைவு அது. ஹேண்டில்பாரை மேலே பிடுங்கி இழுப்பதில்லை. இழுத்தால் சைக்கிள் கோணலாகத் திரும்பும். தள்ளினால் நேராகப் போகும். இந்தத் தள்ளல்தான் முன்சக்கரம் தொங்காமல், பின்சக்கரம் வந்து சேரும்வரை அதைத் தாங்கி நிற்கிறது.

பிறகு காற்றில். கால்களையும் கைகளையும் மெல்ல நீட்டி, சைக்கிளைத் தரையை நோக்கி இறங்கவிடுவார்கள். உடம்பு மேலே இருக்கும், சைக்கிள் கீழே போகும். ஹேண்டில்பார் திரும்பாமல் நேராக இருக்கும். பிரேக்கை இறுக்குவதில்லை. சுற்றாத சக்கரம் தரையைத் தொட்டால் அங்கேயே கவ்விக்கொண்டு, ஆளைத் தூக்கி வீசிவிடும்.

கடைசியாகத் தரை. சமதரை என்றால் இரண்டு சக்கரமும் ஒன்றாகத் தொட வேண்டும். பின்சக்கரம் ஒரு கணம் முந்தினாலும் பரவாயில்லை. முன்சக்கரம் மட்டும் முந்தக் கூடாது. தரையைத் தொடும்போது கால்கள் கிட்டத்தட்ட நீண்டிருக்க வேண்டும், ஆனால் பூட்டுப் போட்டதுபோல் விறைத்திருக்கக் கூடாது. தொட்ட உடனே கணுக்கால், முழங்கால், இடுப்பு, முழங்கை எல்லாம் சேர்ந்து மடங்கும். முன்கூட்டியே குந்திய நிலையில் இறங்குபவனுக்கு மடங்குவதற்கு மிச்சமே இருக்காது. அவன் ஸ்பிரிங்கை முன்பே செலவழித்துவிட்டான்.

அடிக்கடி நடக்கும் தவறுகள் சில உண்டு. சீட்டில் உட்கார்ந்தபடி இறங்கினால் அடி நேராக முதுகுத்தண்டுக்குப் போகும். பயத்தில் ஒரு காலை எடுத்துத் தரையில் ஊன்றப் போனால் கணுக்கால் மடங்கும். ‘பின்னால் சாய்’ என்று சொன்னதைக் கேட்டு, கை முழுதாக நீளும் அளவுக்குச் சாய்ந்தால், பின்சக்கரம் மட்டும் தரையில் இடித்து, முன்பக்கம் ‘டமார்’ என்று விழும்; கையும் பிடியை விட்டுவிடும். பின்னால் போவது ஒரு கணம்தான். உடனே நடுவுக்கு வந்துவிட வேண்டும்.

ஜம்ப்பில் ஒரு வித்தியாசம். சாய்வில் ஏறும்போது உடம்பை லேசாக அமுக்கி, மேட்டின் நுனியில் கால்களை நீட்டி எழ வேண்டும். அமுக்கமும் இல்லாமல் எழுச்சியும் இல்லாமல் மரக்கட்டைபோல் விறைத்துப் பறப்பவன் காற்றில் தன் கட்டுப்பாட்டை இழந்துவிடுகிறான். இப்படிப் பறப்பவனுக்கு இந்த விளையாட்டில் ‘டெட் செய்லர்’ என்று கேலிப் பெயரே உண்டு.

யாரும் கட்டாத மேடு

ஒலிம்பிக் பனிச்சறுக்கில் நூறு மீட்டர் தூரம் பறந்து இறங்குகிறார்களே, அவர்கள் கால் ஏன் ஒடிவதில்லை? அவர்கள் சமதரையில் இறங்குவதில்லை. அவர்கள் விழுகிற கோணத்துக்கு ஏற்றாற்போல் மலைச்சரிவை அமைத்திருக்கிறார்கள். விழுகிற திசையும் தரையின் சாய்வும் ஒத்துப்போனால் அடி அடியாகவே இருக்காது. வழுக்கிக்கொண்டு போவதுபோல் இருக்கும்.

சைக்கிளுக்கும் இதே கணக்குதான். மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் வந்து 60 செ.மீ. கீழே விழுகிறவன் ஏறக்குறைய 34 டிகிரி கோணத்தில் தரைக்கு வருகிறான். சமமான தார் சாலையில் இறங்கினால் 60 செ.மீ. உயரத்தின் அடி முழுசாக விழும். 30 டிகிரி சரிந்த மண்மேட்டில் இறங்கினால், ஓரிரு செ.மீ. உயரத்திலிருந்து விழுந்த அடிதான். சரிவில் இறங்கும்போது சைக்கிளையும் அந்தச் சாய்வுக்கு ஏற்ப முன்னால் சாய்க்க வேண்டும் என்பது மட்டும் கூடுதல் பாடம்.

தெருவில் பிள்ளைகள் செங்கல் அடுக்கிப் பலகை சாய்த்து எகிறுகிற மேட்டைக் கட்டுகிறார்கள். இறங்குகிற மேட்டை யாரும் கட்டுவதில்லை. பறந்து வந்து விழுவது தட்டையான தார் ரோட்டில். அதனால்தான், முறைப்படி அமைத்த பாதையில் ஒன்றரை மீட்டர் ஜம்ப்பைவிடத் தெருவின் அரை மீட்டர் ஜம்ப் அதிக எலும்புகளைச் சோதிக்கக்கூடியது. தார் ரோட்டில் பலகை ஜம்ப் கூடவே கூடாது என்று சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

எந்த சைக்கிள், என்ன கவசம்?

அரசு தருகிற விலையில்லா சைக்கிள் பள்ளிக்குப் போய்வர உதவும் வண்டி. கேரியரும் கூடையுமாக, உட்கார்ந்து மிதித்துப் போவதற்காகச் செய்தது. அதில் குதிப்பது ஆபத்து. முன் ஃபோர்க்கும் சக்கரமும் அதற்குத் தயாராக இல்லை. ஒரு நாள் குதித்ததில் விழுந்த கீறல், இன்னொரு நாள் சாதாரணமாகப் போகும்போது உடைந்துவிடக்கூடும்.

எந்த சைக்கிளாக இருந்தாலும் குதிப்பதற்கு முன் ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும். முன்சக்கரத்தின் நட்டு இறுக்கமாக இருக்கிறதா? ஹேண்டில்பார் ஆடுகிறதா? பிரேக் இரண்டும் பிடிக்கிறதா? டயரில் காற்று போதுமா? ஐந்தாவதுதான் பலரும் கவனிக்காதது: ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் ரப்பர் பிடியும் மூடியும் முழுசாக இருக்கின்றனவா? பிடி கிழிந்து, இரும்புக் குழாயின் வாய் வெளியே தெரிந்தால், விழும்போது அது வயிற்றில் குத்தும். வெளியே சின்னச் சிராய்ப்புதான் தெரியும். உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கணையமோ அடிபட்டிருக்கலாம். ஹேண்டில்பார் வயிற்றில் குத்திய பிள்ளை சில மணி நேரம் கழித்து வயிற்று வலி, வாந்தி என்று சொன்னால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

ஹெல்மெட் கட்டாயம். அதன் உள்ளே இருக்கும் வெள்ளை நுரை, டி.வி. பெட்டிக்குள் வரும் தெர்மோகோல் வகையைச் சேர்ந்ததுதான். தலை இடிக்கும்போது அது நசுங்கி, மூளை நிற்பதற்கு ஓரிரு செ.மீ. தூரம் கொடுக்கிறது. முழங்கால் செய்கிற அதே வேலை! ஆனால், முழங்கால் மறுபடி நீளும், தெர்மோகோல் நீளாது. ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அதை மாற்றிவிட வேண்டும். கையுறையும், முன்பக்கம் மூடிய ஷூவும் இருந்தால் நல்லது. ரப்பர் செருப்பு பெடலில் வழுக்கும்.

விழுந்துவிட்டால்?

எவ்வளவு பழகினாலும் ஒரு நாள் விழத்தான் செய்வார்கள். விழும்போது யாராக இருந்தாலும் கையை நீட்டி ஊன்றுவது இயற்கை. மொத்த எடையும் மணிக்கட்டில் இறங்கும். சிறுவர்களுக்கு மணிக்கட்டுக்கு மேலே எலும்பு வளரும் பகுதியில் அடிபடும். வளர்ந்த பிள்ளைகளுக்கு ‘ஸ்கேஃபாய்டு’ என்ற சின்ன எலும்பு உடையும். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் மணிக்கட்டோரம் ஒரு குழி விழுமே, அந்தக் குழிக்கு அடியில் இருப்பதுதான் அந்த எலும்பு.

இந்த உடைவு ஆளை ஏமாற்றும். வீக்கம் அதிகம் இருக்காது. விரல்கள் அசையும். முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். ‘சுளுக்குதான்’ என்று எண்ணெய் போட்டு உருவிவிட்டால் நிலைமை மோசமாகும். இந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவான பக்கம் ஒன்று இருப்பதால், கவனிக்காமல் விட்டால் சேராமலே போய்விடும். வாழ்நாள் முழுக்க மணிக்கட்டு வலிக்கும். எழுதுகிற கை, நாளைக்கு லேத்திலோ கம்ப்யூட்டரிலோ வேலை செய்யப்போகும் கை அது. அந்தக் குழியில் அழுத்தினால் வலிக்கிறது என்றால், எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று சொன்னாலும் கட்டுப் போட்டு, பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பது வழக்கம். டாக்டரிடம் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

பேசின் பிரிட்ஜ்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனையில், கைக்கென்றே தனி சிகிச்சைப் பிரிவு உண்டு. 1970களில் டாக்டர் ஆர்.வெங்கடசாமி வளர்த்தெடுத்த அந்தப் பிரிவு, நாட்டிலேயே பெயர் பெற்றது. கைக்காயங்களுக்கு அங்கே போகலாம் என்பதை அக்கம்பக்கத்தில் எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

தலையில் அடிபட்டால் கணக்கு வேறு. ஒரு முறைக்கு மேல் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம், உளறல், வலிப்பு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது... இதில் எது தெரிந்தாலும் உடனே 108-க்கு அழைக்க வேண்டும். அதன் பிறகு காத்திருப்பதில் அர்த்தமில்லை.

தடை போடலாமா?

‘குதிக்கவே கூடாது’ என்று சொன்னால் பிள்ளைகள் தெருமுனைக்குப் போய்க் குதிப்பார்கள். அங்கே வீட்டார் கண் இருக்காது. கன்டெய்னர் லாரி இருக்கும். துறைமுகத்துக்குப் போய்வரும் லாரிகள் ஓடுகிற சாலையும், மேம்பாலச் சரிவும், தண்டவாளத்தின் ஓரமும் எந்த நாளிலும் எந்த நேரத்திலும் இதற்கான இடமில்லை. இதில் பேச்சே கிடையாது என்று சொல்லிவிடலாம். அதற்கு மாற்றாக, ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாக இருக்கும் பள்ளி மைதானத்திலோ மாநகராட்சி விளையாட்டுத் திடலிலோ அனுமதி கேட்டு ஒரு மணி நேரம் வாங்கிக்கொடுத்தால், பிள்ளைகள் கேட்பார்கள்.

பழகும் வரிசை இது. முதல் வாரம் குதிக்கவே வேண்டாம். சமதரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதுதான் விளிம்பு என்று வைத்துக்கொண்டு, எழுந்து நின்று, கோட்டில் ஹேண்டில்பாரைத் தள்ளி, முழங்கால் மடக்கிப் பழக வேண்டும். அடுத்து 10 செ.மீ. படி. பிறகு நடைபாதை ஓரத்தின் 15 செ.மீ. உயரம். ஒவ்வோர் உயரத்திலும் தொடர்ந்து பத்து முறை சரியாக இறங்கிய பிறகுதான் அடுத்தது. ஒன்று தப்பினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

சரியாக இறங்கினானா என்று தெரிந்துகொள்ள சைக்கிள் ஓட்டத் தெரிய வேண்டியதில்லை, காது போதும். விறைப்பாக இறங்கினால் ‘டொக்’கென்று சத்தம் வரும், செயின் ‘சளக்’கென்று கம்பியில் அடிக்கும். முழங்கால் மடங்கி இறங்கினால் டயர் தரையில் பதிகிற மெல்லிய சத்தம் மட்டும்தான். சத்தம் குறைகிறது என்றால் அடி குறைகிறது என்று அர்த்தம். பத்துக்குப் பத்து சத்தமில்லாமல் இறங்கிக் காட்டினால் அடுத்த படிக்குப் போகலாம் என்று வீட்டில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். உயரத்துக்குக் கிடைத்துக்கொண்டிருந்த விசில், சத்தமில்லாத இறக்கத்துக்குக் கிடைக்க ஆரம்பித்தால், பிள்ளைகளின் போட்டியே மாறிவிடும்.